தனியாக வருகிறவள்

"இன்னைக்குச் செருப்புப் போட்டுக்கிட்டு வந்திருக்கியே, நல்லதாப் போச்சு ஆத்தா" என்றாள் திராட்சை விற்கிறவள்.

முத்துப்பிரியா பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. சுருளிப்பட்டி ரோட்டில் அவர்களுடைய கார் மட்டும் நின்றது. ரோட்டின் இரண்டு பக்கமும் கல்தூண் ஊன்றிக் கம்பி இழுத்த திராட்சைப் பந்தல்கள் கண்ணுக்கெட்டிய தூரம் போயின. இரண்டு நாள் மழையில் பழங்கள் வெடித்துப் பந்தலுக்கடியில் சேற்றோடு சேறாகக் கிடந்தன. இனிப்பும் புளிப்பும் கலந்த அந்த நொதித்த வாடை காருக்குள் வரைக்கும் வந்துவிட்டிருந்தது.

"என்னையா சொல்றீங்க?"

"உன்னயத்தான். போனவாட்டி வெறுங்கால்ல நின்னியே. இந்தச் சகதியில முள்ளுக் குத்திரும்னு நான்கூடச் சொன்னேனே." குருவம்மாள் என்று அவளைப் பக்கத்துப் பந்தலில் இருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவள் "வர்றேன் வர்றேன்" என்று கத்திவிட்டு, இரண்டு கொத்துப் பன்னீர் திராட்சையை எடுத்துப் பையில் போட்டாள். "வெடிச்ச பழமெல்லாம் ஒயின் கம்பெனி லாரிக்குப் போகுது. இது நல்ல பழம், சாப்பிடு. இன்னைக்காவது வாங்குறியே."

"நான் இந்தப் பக்கம் வந்ததே இல்லம்மா. ஆள் மாறிப்போச்சு உங்களுக்கு."

குருவம்மாள் சிரிக்கவில்லை. முத்துப்பிரியாவின் முகத்தை, தலையை ஒருபக்கம் சாய்த்து, பழத்தில் சொத்தை தேடுவதுபோலப் பார்த்தாள். பிறகு காரில் இருந்த அவள் புருஷன் விஜயபாண்டியைப் பார்த்தாள். சட்டென்று பையை நீட்டிக் காசை வாங்கிக்கொண்டாள்.

பூஜை விடுமுறை நான்கு நாள் சேர்ந்தாற்போல வந்திருந்தது. விஜயபாண்டிக்கு மதுரையில் மோட்டார் உதிரிபாகக் கடை. முத்துப்பிரியா ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். கல்யாணமாகி ஏழு மாதத்தில் இரண்டு பேரும் சேர்ந்து வெளியூர் கிளம்பியது இதுதான் முதல் தடவை. அவன் கொடைக்கானல் என்றான். அவள்தான் குரங்கணி என்றாள். கூட வேலை பார்க்கிற டீச்சர் ஒருத்தி காட்டிய படத்தில், மலைச்சரிவில் தகரக் கூரை போட்ட ஒரு வீடு இருந்தது. பார்த்ததுமே அங்கே போக வேண்டும் என்று தோன்றிவிட்டது. வாடகைக்கு விடுகிறார்களா என்று போன் போட்டு விசாரித்ததும் அவள்தான்.

தேவாரம் தாண்டி, ராசிங்காபுரம் தாண்டி, போடிக்குப் போகிற வழி முழுக்க மழை விடவில்லை. வைப்பர் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. விஜயபாண்டி ஒரு திராட்சையை வாயில் போட்டுக்கொண்டு, "எப்ப வந்த?" என்றான்.

"எங்கங்க?"

"சுருளிப்பட்டிக்கு."

"ஐயோ, அந்தம்மா யாரையோ நெனச்சுக்கிட்டுச் சொல்லுது."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். ஆனால் மேற்கொண்டு ஒரு பத்து கிலோமீட்டருக்கு அவன் பழத்தைத் தொடவில்லை.

போடியில் லாட்ஜில் தங்கினார்கள். கீழே ஏலக்காய்க் கடைகள். அறையின் தலையணை, குழாய்த் தண்ணீர், ஜன்னல் திரை எல்லாவற்றிலும் ஏலக்காய் மணந்தது. முதலில் பிடித்திருந்த மணம் சாப்பிட்டு முடிப்பதற்குள் தொண்டையில் நிற்க ஆரம்பித்தது. விஜயபாண்டி படுக்கையில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு கேட்டான்.

"கல்யாணத்துக்கு முன்னாடி எதுவும் இருந்தா எனக்கு ஒண்ணுமில்ல பிரியா. சொல்லிரு. மறைச்சாத்தான் எனக்குப் பிடிக்காது."

"என்ன இருக்கு மறைக்க? ஒரு பைத்தியக்காரி எதையோ சொன்னான்னு..."

"சரி. விடு."

அவன் விடவில்லை என்பது அவன் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. கோபக்காரன் இல்லை அவன். கை நீட்டுகிறவனும் இல்லை. ஆனால் ஒரு விஷயம் உள்ளே போய்விட்டால் அது கல் மாதிரி அங்கேயே கிடக்கும். ஏழு மாதத்தில் அவளுக்கு அது தெரிந்திருந்தது.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு குரங்கணியில் காரை விட்டுவிட்டு ஜீப்பு பிடித்தார்கள். டிரைவர் ஒச்சப்பன் முப்பது வயதுக்காரன். தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தவன் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான்.

"வாங்கக்கா! என்ன இன்னைக்கு இங்கயே வந்துட்டீங்க?"

முத்துப்பிரியா பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். விஜயபாண்டி மெதுவாக அவள் பக்கம் திரும்பினான். பிறகு முன் சீட்டில் ஏறிக்கொண்டான். அவள் பையோடு பின்னால் ஏறினாள்.

ஜீப்பு மண்ணும் கல்லுமான பாதையில் உறுமிக்கொண்டு ஏறியது. ஒருபக்கம் காப்பிச் செடிகள், மறுபக்கம் பள்ளம். பள்ளம் இருக்கிறது என்பது கீழே ஓடுகிற தண்ணீரின் சத்தத்தில்தான் தெரிந்தது, மற்றதெல்லாம் வெள்ளையாக மூடிக்கிடந்தது. டீசல் புகையும் நனைந்த சாக்கின் வாடையும் முகத்தில் அடித்தன. பக்கவாட்டுப் படுதா காற்றில் அடித்து அடித்து அவள் தோளில் தண்ணீரைத் தெளித்தது.

"இவங்களத் தெரியுமா தம்பி?" என்று விஜயபாண்டி சாதாரணமாகக் கேட்டான். அந்தச் சாதாரணம்தான் அவளைப் பயமுறுத்தியது.

"அக்காவத் தெரியாமயாண்ணே? ஆவணியில இருந்து ஆறேழு தடவ ஏத்தியிருப்பேன். மழை நாளாப் பாத்துத்தான் வருவாங்க. முந்தல் தாண்டி ரோட்டோரமா நிப்பாங்க. இப்பப் போறோமே, அந்த மேல் பங்களாக்கிட்டத்தான் இறங்கிக்குவாங்க."

"தனியாவா?"

"எப்பவும் தனியாத்தான். யாரக்கா பாக்கப் போறீங்கன்னு ஒருநா கேட்டேன். இடம் பாக்க வந்தேன், அடுத்து வரும்போது ஒரு ஆளக் கூட்டியாருவேன்னாங்க." ஒச்சப்பன் கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்தான். "சொன்ன மாதிரியே கூட்டியாந்துட்டீங்க!"

"அண்ணே, வண்டிய நிறுத்துங்க" என்றாள் முத்துப்பிரியா. "அது நான் இல்ல. திரும்பி நல்லாப் பாருங்க."

அவன் திரும்பிப் பார்த்தான். சிரிப்புக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. "அக்கா... கன்னத்துல அந்த மச்சம்கூட..." என்று ஆரம்பித்தவன், விஜயபாண்டியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். கொஞ்ச தூரம் போனபின், "நான் பாட்டுக்கு என்னமோ சொல்லிட்டேன். புருசன் பொஞ்சாதிக்குள்ள வந்து... மன்னிச்சுக்கங்க" என்றான்.

"திரும்பிப் போயிரலாங்க. எனக்கு என்னமோ பண்ணுது."

"எதுக்குத் திரும்பணும்?" விஜயபாண்டி ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். "நீ பாத்துப் புடிச்ச வீடுதான? தம்பி, அவங்க திரும்பி இறங்கும்போது கூட யாரும் இருப்பாங்களா?"

ஒச்சப்பன் கியரை மாற்றினான்.

"நான் கீழ கொண்டாந்து விட்டதே இல்லண்ணே. எப்படித் திரும்புறாங்கன்னு எனக்குத் தெரியாது."

வீடு படத்தில் பார்த்தது போலவே இருந்தது. அதுவே அவளுக்குப் பிடிக்கவில்லை. நீளமான வராந்தா, இரண்டு அறை, பின்னால் அடுப்படி. முற்றத்தைத் தாண்டினால் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த ஏலச்செடிகள், அவற்றுக்கு மேல் பெரிய மரங்கள், அதற்கு மேல் வெறும் வெள்ளை. மணி நான்குகூட ஆகவில்லை, ஆனால் விளக்குப் போட வேண்டியிருந்தது, கரண்ட் இல்லை. தகரத்தில் விழுகிற மழை பேச்சை விழுங்கியது. கொஞ்சம் உரக்கப் பேசினால்தான் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கும். ஒச்சப்பன் பையை இறக்கி வைத்துவிட்டு, காலையில் வருவதாகச் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினான். அந்தச் சத்தம் இறங்கி இறங்கிக் கரைந்து போனது.

வீட்டைப் பார்த்துக்கொள்கிற பேச்சி, ஒரு தட்டில் சுடச்சுடப் பணியாரம் கொண்டு வந்து விஜயபாண்டிக்கு முன்னால் வைத்தாள். ஒரே தட்டு. ஒரே டம்ளர் காப்பி. ஐம்பது வயதிருக்கும் அவளுக்கு, குளிருக்குக் காதோடு சேர்த்துத் துண்டு கட்டியிருந்தாள்.

"இவளுக்கு?" என்றான் விஜயபாண்டி.

"அவுகதான் சாப்பிட மாட்டாகளே" என்றாள் பேச்சி, வெகு இயல்பாக. "எத்தன தடவ கேட்டிருப்பேன். ஒரு வாய் தண்ணி வாங்கினதில்ல. அந்தா, அந்தத் தூணுகிட்ட நிப்பாக, செடியப் பாத்துக்கிட்டு. நான் அடுப்படிக்குப் போயிட்டு வாறதுக்குள்ள போயிருப்பாக."

விஜயபாண்டி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து வராந்தாவின் கோடிக்குப் போய் நின்றுகொண்டான்.

முத்துப்பிரியா பேச்சியின் பின்னாலேயே அடுப்படிக்குப் போனாள். புகையில் கண் எரிந்தது. "அக்கா, என் வாழ்க்கையே போயிரும் போல இருக்கு. அவர்கிட்ட வந்து சொல்லுங்க. நான் இங்க வந்ததே இல்ல. சத்தியமா இல்ல" என்று சொல்லிக்கொண்டே பேச்சியின் கையைப் பிடித்தாள்.

பேச்சி திடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

பிறகு அவளே மெதுவாகக் கையை நீட்டி, முத்துப்பிரியாவின் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளங்கையைத் திருப்பித் தொட்டாள். காய்ச்சல் பார்ப்பதுபோலக் கழுத்தில் புறங்கையை வைத்தாள்.

"சுடுதே" என்றாள். "உனக்குக் கை சுடுதே ஆத்தா."

"ஆமா. அதுக்கென்ன?"

"அன்னைக்கு அவ படியில வழுக்கினப்போ கையப் புடிச்சேன். தண்ணிக்குள்ள கிடந்த கல்லு மாதிரி இருந்துச்சு." பேச்சியின் உதடுகள் வெளுத்துக்கொண்டு வந்தன. "நீ அவ இல்ல."

இரண்டு நாளாகக் காத்திருந்த சொல் அது. முத்துப்பிரியாவுக்கு அழுகை பொங்கி வந்தது. "அதத்தான் அக்கா நான் ரெண்டு நாளாச் சொல்றேன். யாரும் நம்பல. வந்து அவர்கிட்டச் சொல்லுங்க, வாங்க."

பேச்சி நகரவில்லை. அடுப்படி வாசலுக்கு அப்பால் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவ இன்னும் வரல" என்றாள்.

சொல்லி முடித்த அடுத்த நிமிடம் சாக்கை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். ஜீப்பு வளைவுகளில் சுற்றித்தான் இறங்கும், குறுக்குப் பாதையில் ஓடினால் மூன்றாவது வளைவில் பிடித்துவிடலாம், திருப்பிக் கூட்டி வருகிறேன் என்றாள். "அதுவரைக்கும் அய்யாவ விட்டு நகராத. ரெண்டு பேரும் ஒண்ணாவே இருங்க. வெரசா வந்துர்றேன்." வெறுங்காலோடு மழைக்குள் இறங்கி ஓடினாள்.

முத்துப்பிரியா வராந்தாவுக்கு ஓடினாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். விஜயபாண்டி கடைசி வரை கேட்டான். கேட்டுவிட்டு ஒரு மாதிரி களைத்துப்போன முகத்தோடு, "பேச்சிக்கு என்ன சொல்லிக் குடுத்த?" என்றான்.

"என்னங்க இது!"

"மூணு பேரு. மூணு ஊரு. மூணு பேரும் பொய் சொல்றாங்க, நீ மட்டும் நெசம் சொல்ற." அவன் குரல் உடைந்தது. "நான் உன்னய அடிக்கப் போறேனா, கொல்லப் போறேனா? ஆமான்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். நான் அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன்."

அவளுக்கு அந்த நேரத்தில் பயத்தைவிட ஆத்திரம்தான் மேலே நின்றது. ஜீப்பு வந்ததும் ஏறிவிட வேண்டும், மதுரைக்குப் போய் அம்மா வீட்டில் இறங்கிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, பைகளை எடுத்துவர அறைக்குள் போனாள். ஐந்து நிமிடம்கூட ஆகாது. வராந்தாவுக்கும் அறைக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

காற்றில் கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

அவள் பையை மூடிவிட்டுக் கதவை இழுத்தாள். வரவில்லை. மழையில் ஊறிப் புடைத்த மரம் சட்டத்தோடு கவ்விக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். கைப்பிடி வழுக்கியது. "என்னங்க, கதவு மாட்டிக்கிச்சு, கொஞ்சம் தள்ளுங்க" என்று கூப்பிட வாயைத் திறந்தாள்.

"என்னங்க" என்று குரல் கேட்டது.

அவள் இன்னும் பேசவில்லை.

குரல் வராந்தாவில் இருந்து வந்தது. அவளுடைய குரல். அழுதால் கடைசியில் லேசாக மூக்கடைக்கிற அவளுடைய குரல்.

"என்னங்க. என்மேல கோவமா?"

"இல்ல பிரியா." விஜயபாண்டி. "உண்மைய மட்டும் சொல்லு."

"ஆமாங்க. நான்தான் வந்தேன்."

மழை. தகரத்தில் மழை. முத்துப்பிரியா கதவில் காதை வைத்தபடி நின்றாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"எதுக்கு வந்த?"

"இடம் பாக்கத்தான். உங்களக் கூட்டியாரணும்னு ஆச. சொல்லாம வந்தது தப்புத்தான். மன்னிச்சுருங்க."

பிறகு அவன் சிரிப்பது கேட்டது. சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம், நெஞ்சுக்குள் இருந்து கல் புரண்டு விழுந்தவன் விடுகிற மூச்சு. "இதச் சொல்றதுக்கா பிள்ள ரெண்டு நாளு? அழாத. இங்க பாரு, எப்படி நனைஞ்சு போயிருக்க. கையெல்லாம் இப்படிச் சில்லுனு இருக்கே."

"அது நான் இல்ல!" முத்துப்பிரியா கத்தினாள். கதவை அறைந்தாள். "நான் உள்ள இருக்கேன்! தொடாதீங்க! அது நான் இல்லங்க!"

"உள்ள யாரு கத்துறா?"

"பேச்சிங்க, பின்வாசல் வழியாத் திரும்பி வந்திருச்சு" என்றது அவளுடைய குரல், பொறுமையாக. "அது அப்படித்தான் கத்திக்கிட்டு இருக்கும். நீங்க வாங்க. அங்கிட்டு ஒரு இடம் இருக்கு, காட்டுறேன்."

"இந்த மழையிலயா?"

"குடை இருக்குல்ல. கிட்டத்தான்."

ஜன்னலுக்கு ஓடினாள். இரும்புக் கம்பி. கம்பிகளுக்கு இடையே முகத்தை அழுத்தினாள். முற்றத்தில் அவர்களுடைய கறுப்புக் குடை போய்க்கொண்டிருந்தது. அதற்கடியில் இரண்டு முதுகுகள். ஒன்று விஜயபாண்டி. இன்னொன்று கடுகு நிறச் சுடிதார். முத்துப்பிரியா இப்போது உடுத்தியிருக்கிற அதே கடுகு நிறம். தோளைத் தாண்டித் தொங்குகிற அதே பின்னல். அவன் தன் கையைப் பக்கத்தில் நடப்பவளின் தோளில் போட்டிருந்தான். ஏழு மாதத்தில் ஒருநாளும் வெளியிடத்தில் அப்படிப் போட்டதில்லை.

அவள் கத்தினாள். குடை நிற்கவில்லை. ஏலச்செடிகள் விலகின. மூடிக்கொண்டன.

கட்டிலின் குறுக்குச் சட்டத்தைப் பிடுங்கினாள். கதவின் கீழே கொடுத்து நெம்பினாள். நகம் பிய்ந்தது. மறுபடி நெம்பினாள். கதவு உள்பக்கமாகத் திறந்ததும் பாய்ந்து, படி தடுக்கி வராந்தாவில் போய் விழுந்தாள். எழுந்தாள். ஓடினாள்.

செடிகளுக்குள் பாதை என்று ஒன்று இல்லை. நீளநீள இலைகள் முகத்தில் அறைந்தன. காலடியில் அழுகின இலை வழுக்கியது. மண்ணின் வாடை, பச்சை ஏலத்தின் வாடை, அதற்கடியில் நேற்றுப் பந்தலில் அடித்த அந்தப் புளித்த வாடை. இங்கே எங்கிருந்து வந்தது திராட்சை? நிற்கவில்லை. அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணமானதில் இருந்து வாய்விட்டுச் சொல்லாத பெயர். "விஜயபாண்டி! விஜயபாண்டி!"

எங்கோ முன்னால் அவளுடைய சிரிப்புக் கேட்டது.

பின்னால், வெகு கீழே, ஜீப்பின் ஹாரன். பேச்சி பிடித்துவிட்டாள். வருகிறார்கள். இன்னும் இரண்டு வளைவு. மூன்று வளைவு.

செடிகள் சட்டென்று முடிந்தன.

அவள் ஒரு பாறையில் நின்றாள். இன்னும் நான்கடி பாறை. அதற்கப்பால் வெள்ளை. பாறையின் விளிம்பில் குடை மல்லாந்து கிடந்தது. உள்ளே மழைத்தண்ணீர் தேங்கத் தொடங்கியிருந்தது.

மண்டியிட்டாள். கையை ஊன்றி ஊன்றி நகர்ந்து எட்டிப் பார்த்தாள். கீழே ஒன்றுமில்லை. சத்தம்கூட இல்லை.

"என்னங்க?"

காற்று ஒரு தடவை சுழன்று அடித்தது. மூட்டம் நடுவில் கிழிந்தது. ஆழத்தில், பொம்மைச் சாமான் போல, போடியின் கூரைகள் தெரிந்தன. கோடு போல ரோடு. எறும்பு போல ஒரு பஸ்சு.

அவர்கள் கீழே இல்லை.

எதிரே இருந்தார்கள். பாறைக்கு அப்பால், இருபதடி தள்ளி, அவளுடைய கண்ணுக்கு நேராக. இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். காலுக்கடியில் ஒன்றுமே இல்லை. அவன் வேட்டியின் ஓரத்திலிருந்து சொட்டுகிற தண்ணீர் போடி வரைக்கும் விழுந்துகொண்டிருந்தது.

அவளுடைய முகம் கொண்டவள், நனைந்த பிள்ளையைத் துவட்டுவதுபோல, துப்பட்டாவின் நுனியால் அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லாமல்.

விஜயபாண்டி இப்போது பாறையைப் பார்த்தான். பாறையில் மண்டியிட்டுக் கிடக்கிறவளைப் பார்த்தான். பக்கத்தில் இருப்பவளைப் பார்த்தான். மறுபடி பாறையைப் பார்த்தான். எது யார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் வாய் திறந்தது. திறந்து மூடியது. குரல் வரவில்லை. கண்கள் மட்டும் முத்துப்பிரியாவையே பிடித்துக்கொண்டிருந்தன.

அவள் கையை நீட்டினாள். இருபதடி.

ஹாரன் சத்தம் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது. பேச்சி அவளைக் கூப்பிட்டாள். ஒச்சப்பன் கூப்பிட்டான். செடிகளை விலக்கிக்கொண்டு அவர்கள் வந்து சேர்ந்து, அவளுடைய தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்து, அவள் பார்க்கிற திசையில் தாங்களும் பார்த்து, கண்ணெடுக்காமல் நின்றார்கள்.

அவன் விழவே இல்லை.